பிஆர் வேலைக்கு வரப் பார்க்கிற அக்கா மகனுக்கு

போன மாதம் அக்கா மகன் ஊரிலிருந்து கூப்பிட்டான். பி.காம். கடைசித் தேர்வு எழுதிவிட்டு வந்த அன்று சாயங்காலம்.

"மாமா, நான் நல்லாப் பேசுறேன்னு எல்லாரும் சொல்றாங்க. உங்க வேலைக்கே வந்துடட்டுமா?"

"பேப்பர் படிப்பியா மாப்ள?"

"செல்லுல நியூஸ் பாப்பேன் மாமா."

அன்றைக்கு அரை மணி நேரம் அவனிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். படிப்பு முடித்துவிட்டு மக்கள் தொடர்பு, அதாவது பிஆர் வேலைக்கு வர நினைக்கிற வேறு யாருக்காவது பயன்படலாம்.

முதலில் அந்த 'நல்லாப் பேசுவேன்'. கோட்டு மாட்டிக்கொண்டு நாலு பேரிடம் கை குலுக்குகிற வேலை இது என்ற நினைப்பு எனக்கும் இருந்தது. உண்மையில் ஒரு நாளில் நான் பேசுவது கொஞ்சம்தான். படிப்பது, எழுதுவது, எழுதியதைக் கிளையன்ட் கெடுத்த பிறகு மறுபடி எழுதுவது, காத்திருப்பது, இவைதான் அதிகம். நான் அருப்புக்கோட்டைக்காரன். படித்தது பி.ஏ. தமிழ். 2014-ல் சென்னைக்கு வந்தபோது ஆங்கிலத்தில் சேர்ந்தாற்போல நாலு வாக்கியம் வராது. ஏஜென்சி இன்டர்வியூவுக்கு வந்திருந்த மற்ற மூன்று பேரும் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கினார்கள். எனக்கு வேலை கிடைத்ததற்குக் காரணம் ஒரு பக்கக் காகிதம்.

தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி ஒன்றைப் பற்றிய ஆங்கிலப் பிரஸ் ரிலீஸை, அதாவது பத்திரிகைகளுக்கு அனுப்பும் செய்திக்குறிப்பை, கொடுத்து, ஒரு மணி நேரத்தில் தமிழில் எழுதச் சொன்னார்கள். அதை அப்படியே தமிழாக்கினால் இப்படி வரும்: 'நீர் சுத்திகரிப்புத் துறையில் முன்னோடியாக விளங்கும் இந்நிறுவனம், வாடிக்கையாளர்களின் வாழ்வில் மாற்றத்தை ஏற்படுத்தும் தனது தொலைநோக்குப் பார்வையின் ஒரு பகுதியாக, அதிநவீனக் கருவியை அறிமுகம் செய்வதில் பெருமிதம் கொள்கிறது.' மற்றவர்கள் ஏறக்குறைய அப்படித்தான் எழுதியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. எனக்கு அந்த ஆங்கிலம் பாதி புரியவில்லை. புரிந்ததை மட்டும் எடுத்தேன். 'உப்புத் தண்ணீரைக் குடிநீராக்கும் கருவி ஒன்று 8,900 ரூபாய் விலையில் சென்னையில் விற்பனைக்கு வந்துள்ளது. கருவியிலேயே 12 லிட்டர் சேமிப்புத் தொட்டி இருப்பதால் மின்வெட்டு நேரத்திலும் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம்' என்று தொடங்கினேன். மின்வெட்டு என்ற சொல் ஆங்கில ரிலீஸில் எங்கேயும் இல்லை. தொட்டியின் அளவு மட்டும் கடைசிப் பத்தியில் இருந்தது. அப்போது தமிழ்நாட்டில் கரண்ட் போகாத வீடு கிடையாது என்பதால் எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

இந்த வேலையின் சாரம் இதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். கிளையன்டுக்குச் சொல்ல ஆசையாக இருப்பது ஒன்று. பேப்பர் படிக்கிறவருக்கு வேண்டியது வேறொன்று. இரண்டாவதைக் கண்டுபிடித்து, அதன் முதுகில் முதலாவதை ஏற்றி அனுப்ப வேண்டும். விளம்பரம் என்றால் காசு கொடுத்து இடம் வாங்கிக்கொள்ளலாம், உன் இஷ்டத்துக்குப் பெருமிதம் கொள்ளலாம். செய்தியில் அந்த இடத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது, வருகிற செய்திகளைத் திருத்திப் பக்கத்தில் சேர்க்கும் சப் எடிட்டர். 'இது விளம்பரப் பிரிவுக்குப் போக வேண்டியது' என்று அவர் ஒரு வரியில் முடித்துவிடுவார்.

சரி, வேலை தேடுவதற்கு வருவோம். இங்கே ஒரு எச்சரிக்கை. வேலைவாய்ப்புத் தளங்களில் 'பிஆர்ஓ (மக்கள் தொடர்பு அலுவலர்) தேவை' என்று பார்த்ததும் விண்ணப்பித்துவிடாதே. தனியார் மருத்துவமனைகளில் பிஆர்ஓ என்றால் பெரும்பாலும் வரவேற்பில் நின்று நோயாளிகளை டாக்டரிடமும், லேபுக்கும், இன்சூரன்ஸ் கவுன்டருக்கும் அழைத்துப் போகிறவர். சில இடங்களில் ஊர் ஊராக டாக்டர்களைப் பார்த்து நோயாளிகளை அனுப்பச் சொல்லிக் கேட்கிறவர். கல்லூரிகளில் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்கிறவருக்கும் அதே பெயர். அவையும் வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் நீ தேடுவது அது இல்லையென்றால் இன்டர்வியூவிலேயே கேட்டுவிடு: 'நான் யாரிடம் ரிப்போர்ட் செய்வேன், முதல் மாதம் என்ன எழுதுவேன்?' எழுதுவது என்ற பேச்சே வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம். பயிற்சிக்கு டெபாசிட் கட்டச் சொன்னால் உட்காரவே வேண்டாம்.

உண்மையான பிஆருக்கு நாலு வாசல் உண்டு. ஒன்று ஏஜென்சி. மாதச் சந்தாவுக்கு, அதாவது ரீடெய்னருக்கு, பல கிளையன்ட்களைப் பார்க்கிற இடம். புதிதாக வருகிறவன் இங்கேதான் நுழைய வேண்டும் என்பது என் கட்சி. ஒரே வாரத்தில் காலையில் பம்ப் செட், மத்தியானம் கண் மருத்துவமனை, சாயங்காலம் நகைக்கடை என்று ஓடுவதால் இரண்டு வருடத்தில் கற்றுக்கொள்வது ஏராளம். இரண்டாவது, ஒரு நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் கார்ப்பரேட் கம்யூனிகேஷன்ஸ் பிரிவு. சம்பளம் மேல், ஓட்டம் குறைவு. ஆனால் பெரும்பாலும் அனுபவம் கேட்பார்கள். மூன்றாவது அரசு. செய்தி மக்கள் தொடர்புத் துறையும், ஒவ்வொரு கலெக்டர் அலுவலகத்திலும் உட்கார்ந்திருக்கும் மக்கள் தொடர்பு அலுவலரும் அந்த வாசல். அதற்கு அறிவிப்பு வரும்போது விண்ணப்பித்துப் போக வேண்டும்.

நாலாவது சினிமா. தமிழ்நாட்டில் பிஆர்ஓ என்ற சொல்லை ஜனங்கள் தெரிந்துகொண்டதே டைட்டில் கார்டில்தான். 1958-ல் வந்த 'நாடோடி மன்னன்' படத்தில் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் செய்த வேலைதான் தமிழ் சினிமாவில் பிஆர்ஓ என்ற இடத்துக்குத் தொடக்கம் என்பார்கள். (அதே 1958-ல்தான் இந்திய மக்கள் தொடர்புச் சங்கமும் தொடங்கியது. அவர்கள் ஏப்ரல் 21-ஐ தேசிய மக்கள் தொடர்பு தினமாகக் கொண்டாடுகிறார்கள். இன்டர்வியூவில் யாராவது கேட்டால் சொல்லிக்கொள்.) ஆனால் சினிமா வாசலுக்கு விண்ணப்பப் படிவம் கிடையாது. ஏற்கெனவே இருக்கிற பிஆர்ஓ ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்து, போட்டோ அனுப்பி, ஆடியோ விழாவில் நாற்காலி பிடித்துத்தான் மேலே வர வேண்டும். எனக்கு அந்தப் பக்கம் பழக்கம் குறைவு.

இதற்கென்று படிக்க வேண்டுமா என்றால், படித்தால் நல்லது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல், தொடர்பியல் துறை இருக்கிறது. மாவட்டங்களிலும் விஷுவல் கம்யூனிகேஷன் வந்துவிட்டது. இன்டர்ன்ஷிப் சுலபமாகக் கிடைக்கும், கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் நிருபர்களாக இருப்பார்கள். ஆனால் பி.காம். படித்தவனைக் கழித்துக்கட்டுகிற ஏஜென்சி இல்லை. பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிந்தவன் காலாண்டு முடிவுகள் வரும் நாளில் எங்களுக்குத் தெய்வம்.

வேலை கிடைக்கும் வரை என்ன செய்வது? பேப்பர். காசு கொடுத்து ஐந்து பேப்பர் வாங்க வேண்டாம். மாவட்ட மைய நூலகத்துக்குப் போ. சென்னையில் இருந்தால் எழும்பூர் கன்னிமாராவும், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. தினத்தந்தி, தினமலர், தினமணி, இந்து தமிழ் திசை, ஒரு ஆங்கிலப் பேப்பர், ஐந்தையும் வரிசையாக வைத்துக்கொண்டு வணிகப் பக்கத்தையும் உள்ளூர்ப் பக்கத்தையும் படி. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு கேள்வி: இதை நிருபர் போய்த் தேடி எடுத்தாரா, யாராவது கொடுத்தார்களா? பத்து நாளில் வாசனை பிடிபட்டுவிடும். கொடுத்த செய்தி என்றால் ஐந்து பேப்பரிலும் எப்படி மாறியிருக்கிறது என்று பார். ஒருவர் விலையைத் தலைப்பில் வைத்திருப்பார், ஒருவர் எத்தனை பேருக்கு வேலை என்பதை வைத்திருப்பார், ஒருவர் போடவே மாட்டார். யார் எதைப் போடுகிறார்கள், எந்தப் பெயரில் எந்த விஷயம் வருகிறது என்று ஒரு நோட்டில் எழுது. ஏஜென்சிக்காரர்கள் மீடியா லிஸ்ட் என்று பத்திரமாக வைத்திருப்பது அந்த நோட்டைத்தான். செல்லில் வருகிற செய்தியில் இதெல்லாம் தெரியாது. பக்கத்தின் எந்த மூலையில் எவ்வளவு இடம் கொடுத்தார்கள் என்பதுதான் பாடம்.

அப்புறம், யாரும் கேட்காமலேயே மூன்று ரிலீஸ் எழுது. உள்ளூர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், தெரு முனையில் புதிதாக வந்த செக்கு எண்ணெய்க் கடை, உன் கல்லூரி நடத்திய ரத்ததான முகாம், எதுவானாலும் சரி. ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அந்தந்த ஊரிலிருக்கும் தாலுகா நிருபரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடு. மூன்றில் ஒன்று இரண்டு அங்குலம் வந்தால்கூட அதை வெட்டி வைத்துக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போகலாம். கோட் சூட் போட்ட புகைப்படத்தைவிட அந்தத் துண்டுக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம்.

எழுதும்போது ஒரு சொல்லைக் கண்டால் பேனாவை வைத்துவிடு: 'தீர்வுகள்'. 'விவசாயிகளுக்கு ஒருங்கிணைந்த தீர்வுகளை வழங்கும் நிறுவனம்' என்று கோயம்புத்தூரிலிருந்து எனக்கு ஒரு குறிப்பு வந்தது. போன் போட்டு, "சார், கடைக்கு வந்து என்ன கேட்டா எடுத்துக் கொடுப்பீங்க?" என்றேன். "பம்ப் செட்டு" என்றார். பம்ப் செட் என்றே எழுதினேன். இப்போது இயந்திர மொழிபெயர்ப்பு வந்த பிறகு இந்தத் தீர்வுகள் இன்னும் பெருகிவிட்டன. மும்பை தலைமை அலுவலகத்திலிருந்து தமிழிலேயே ரிலீஸ் வருகிறது, வாசித்தால் ஒன்றும் தேறாது. தமிழ் தெரிந்த பையனுக்கு வேலை போய்விடும் என்று பயப்படுகிறார்கள். எனக்கென்னவோ வேலை கூடியிருப்பதாகத்தான் தெரிகிறது.

கணினியில் தமிழ் அடிக்கத் தெரியாமல் வராதே. எந்தக் கணினியில் திறந்தாலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடில் அடி. சேர்ந்த இரண்டாவது வாரம் நான் ஒரு பழைய எழுத்துருவில் அடித்து, நாற்பது பேருக்கு மெயில் தட்டினேன். அந்த எழுத்துரு இல்லாத கணினிகளில் அது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் குப்பைபோல விரிந்தது. ஒரு பத்திரிகை டெஸ்கிலிருந்து போன் வந்தது: "தம்பி, இது எந்த ஊர் பாஷை?" அன்று ராத்திரிதான் எழுத்துருவை மாற்றித் தரும் மென்பொருளைத் தேடிப் பிடித்தேன். அன்றிலிருந்து இன்று வரை ரிலீஸை மெயிலுக்குள்ளேயே ஒட்டுவேன், வேர்டு ஃபைலாகவும் வைப்பேன். பிடிஎஃப் மட்டும் அனுப்பினால் சப் எடிட்டர் நகலெடுத்து ஒட்டும்போது கொம்பும் காலும் தனித்தனியாகப் பிய்ந்து வரும். அவர் எதற்கு உன் செய்திக்காக மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும்?

போட்டோவுக்குக் கீழே 'இடமிருந்து வலமாக' என்று பெயர் எழுதும்போது விரலை வைத்து எண்ணு. நான் எண்ணாமல் அனுப்பியதில் நிறுவனரின் படத்துக்கு அவர் மருமகன் பெயர் போய், மருமகன் படத்துக்கு நிறுவனர் பெயர் போய், மூன்று பேப்பரில் வந்துவிட்டது. அந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே அந்த இருவருக்குள் ஏதோ உரசல் இருந்திருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்?

இனி போன். இந்த வேலையில் பயப்பட வேண்டியது மேடையல்ல, நிருபருக்குப் போடும் போன்தான். நான் முதல் போன் போட்டது சாயங்காலம் ஆறு மணிக்கு. காலைப் பத்திரிகையில் அது பக்கம் முடிக்கிற நேரம். என்ன கிடைத்திருக்கும் என்று நீயே நினைத்துக்கொள். பகல் பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் கூப்பிடு. மாலை மலர், மாலை முரசு மாதிரி மாலைப் பேப்பர் என்றால் அவர்களுக்கு அந்த நேரம்தான் உச்சம், அதனால் முதல் நாளே சொல்லிவிடு. டிவிக்கு எழுத்தைவிடப் படம் முக்கியம். கேமரா எங்கே நிற்கலாம், யார் பைட் கொடுப்பார், அதாவது கேமரா முன் நாலு வரி பேசுவார், தமிழில் கொடுப்பாரா என்பதை முன்கூட்டியே சொன்னால் வர வாய்ப்பு உண்டு.

கூப்பிட்டு என்ன பேசுவது? முதல் ஆறு மாதம் நான் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன்: "சார், மெயில் வந்துச்சா சார்?" கடைசியில் ஒரு மூத்த நிருபர் பொறுமையிழந்து சொன்னார்: "தம்பி, மெயில் வந்துச்சான்னு கேக்காதீங்க. வந்திருக்கும், மெயில் எல்லாம் வரும். அதுல என்ன இருக்குன்னு சொல்லுங்க." அதற்குப் பிறகு போன் போடுவதற்கு முன்னால் விஷயத்தை ஒரே வாக்கியத்தில் ஒரு சீட்டில் எழுதிக்கொள்வேன். ஒரு வாக்கியத்தில் அடங்கவில்லை என்றால் போன் போட மாட்டேன். இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். பொங்கலுக்கு மட்டும் கூப்பிடுவேன். "மெயில் வந்துச்சா?" என்று அவர்தான் ஆரம்பிப்பார்.

பிரஸ் மீட் பற்றித் தனியாகவே எழுதலாம். நான் அப்போது திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தேன். அறையைப் பகிர்ந்துகொண்டதால் வாடகை 2,500, சம்பளம் 13,500. சேப்பாக்கத்தில் பத்திரிகையாளர் மன்றம் நடக்கிற தூரம். அங்கே நடக்கிற பிரஸ் மீட்டுகளை ஓரமாக நின்று பார்த்தே பாதி கற்றேன். மேஜை போதாமல் மைக்குகள் ஒன்றின் மேல் ஒன்று சாயும். பேசுகிறவரின் முகத்தை சேனல் லோகோக்கள் மறைக்கும். கேமராக்காரர்களுக்கு பிளக் பாயின்ட் இல்லையென்றால் சண்டை வரும். பதினொன்றரைக்கு என்று கூப்பிட்டுவிட்டுப் பன்னிரண்டரைக்கு முதலாளி வந்தால், அதற்குள் வேறு ஏதாவது பெரிய செய்தி வெடித்து நாற்காலிகள் காலியாகும். போண்டா நல்ல போண்டாவாக இருந்தாலும் யாரும் நிற்க மாட்டார்கள்.

'கவர்' விஷயத்தையும் மறைக்க வேண்டாம். முதல் வருடம் ஒரு கிளையன்ட் நிருபர்களுக்குக் கொடுக்கும் பிரஸ் கிட் பைக்குள் பணக் கவர் வைக்கச் சொன்னார், வைத்தேன். சிலர் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் என்னை ஓரமாக அழைத்துக் கவரைத் திருப்பிக் கொடுத்து, "அடுத்த தடவை இதுக்குப் பதிலா உங்க கம்பெனி பேலன்ஸ் ஷீட்டை வைங்க" என்றார். அதற்குப் பிறகு நான் வைத்ததில்லை. வைக்கச் சொன்ன இரண்டு கிளையன்ட்கள் எங்களை விட்டுப் போனார்கள். பிஆர் என்றாலே கவர்தான் என்று உன்னிடம் யாராவது சொல்வார்கள். அப்படி வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை, எல்லோரும் அப்படி என்பது பொய்.

மாத முடிவில் கவரேஜ் ரிப்போர்ட், அதாவது கிளையன்டைப் பற்றி என்னென்ன செய்தி வந்தது என்ற கணக்கு. எங்கள் காலத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்துச் செய்தியின் நீள அகலத்தை அளந்து, அத்தனை சதுர சென்டிமீட்டருக்கு விளம்பரம் கொடுத்தால் எவ்வளவு ஆகும் என்று பெருக்கி, 'உங்களுக்கு இத்தனை லட்சம் மிச்சம்' என்று காட்டுவோம். இந்தக் கணக்கு மதிப்பாகாது என்று 2010-லேயே பார்சிலோனா கோட்பாடுகள் என்ற பெயரில் உலக அளவில் முடிவு செய்துவிட்டார்கள். சென்னையில் இன்னும் கேட்கிறார்கள். நீ பெருக்கித்தான் கொடுக்க வேண்டியிருக்கும். கொடு, ஆனால் நீயே அதை நம்பிவிடாதே.

கடைசியாக ஒன்று, இதைப் புத்தகத்தில் படித்தால் மனதில் பதியாது. 2015 டிசம்பர் 3-ஆம் தேதி ஒரு கிளையன்டின் ஷோரூம் திறப்பு விழா. இருநூறு பேருக்கு அழைப்பு போயாகிவிட்டது. முதல் தேதி சென்னையில் கொட்டிய மழை உங்களுக்கே தெரியும். அச்சகத்துக்கு ஆட்கள் போய்ச் சேர முடியாமல் டிசம்பர் 2-ஆம் தேதி 'தி இந்து' ஆங்கில நாளிதழே சென்னையில் அச்சாகவில்லை. 1878-ல் தொடங்கியதிலிருந்து அப்படி ஆனது அதுதான் முதல் தடவை. விழா ரத்து. ஆனால் கிளையன்டுக்கு மனசு ஆறவில்லை. "விழா இல்லாட்டி என்ன, ரிலீஸை மட்டும் அனுப்பிடுங்க, வெள்ளத்துக்கு நடுவிலும் திறந்தோம்னு போடலாமே" என்றார். நானும் எழுதத் தயாராகிவிட்டேன். எங்கள் ஏஜென்சி மேடம் போனை வாங்கி, "அனுப்ப மாட்டோம் சார்" என்றார். அவ்வளவுதான். பத்து நிமிடம் அந்தப் பக்கம் சத்தம் போட்டார்கள், மேடம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "உங்க குடோன்ல பெட்ஷீட் இருக்கா சார்?" என்று கேட்டார். இருந்தது. சைதாப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கும் ரிலீஸ் அனுப்பவில்லை. அந்த கிளையன்ட் இன்றும் எங்களிடம்தான் இருக்கிறார்.

அதே வருடம் ஜூனில்தான் மேகி நூடுல்ஸுக்குத் தடை வந்து, நீதிமன்றம் போய், நவம்பரில் கடைக்குத் திரும்பியது. நிறுவனம் வாய் திறக்கத் தாமதித்தது என்று அப்போது பலரும் விமர்சித்தார்கள். இன்டர்வியூவில் 'நெருக்கடி வந்தால் என்ன செய்வாய்?' என்று கட்டாயம் கேட்பார்கள். அந்த ஆறு மாதப் பேப்பரை நூலகத்தில் புரட்டிவிட்டுப் போ. எப்போது பேச வேண்டும், எப்போது பேசக் கூடாது என்று இரண்டுக்குமே 2015-ல் உதாரணம் கிடைக்கும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு அக்கா மகன் ஒரு வாரம் சத்தமே இல்லை. விட்டுவிட்டான் என்று நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் அவன் எழுதிய முதல் ரிலீஸ் வந்தது. ஊரில் நடந்த கால்நடைத் தடுப்பூசி முகாம். 'ஏராளமான மாடுகள் பங்கேற்றுப் பயன்பெற்றன' என்று முடித்திருந்தான். 'ஏராளமான' என்பதைச் சுழித்து, 'எத்தனை?' என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

மறுநாள் காலை பதில் வந்தது. "நூத்திப் பதினேழு மாமா. கன்னுக்குட்டியையும் சேக்கணுமா?"